உள்ளங்கையில் ஒரு வாகனம்

எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து 1949ஆம் ஆண்டு வெளிவந்த ஆஸ்டின் ஏ40 கார்கள் முழு உருவில் கப்பலேறி வந்தவை அல்ல. இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகப் பெட்டிகளில் அடைபட்டு வந்தன. அதற்கு முந்திய ஆண்டில் ரகுநந்தன் சரண் தோற்றுவித்திருந்த அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தில், நம் ஊர்த் தொழிலாளர்கள் அப்பெட்டிகளைப் பிரித்தார்கள். வரைபடத்தை விரித்து வைத்து, எந்தத் திருகாணி எந்தத் துளைக்குரியது என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார்கள். 1955ஆம் ஆண்டு அந்நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. அதே காலத்தில் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிலும் முதலில் கடல் கடந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் காலூன்றியது. பின்னர்த் திருவள்ளூரில் மண்ணள்ளும் இயந்திரங்கள் வந்தன. 1998இல் லான்சர் கார்கள் வந்தன. அதே வளாகத்திலிருந்து பின்னாளில் சிட்ரோயன் கார்களும் புறப்பட்டன. கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் எழுந்தன. தேர்வாய்க்கண்டிகையில் டயர் ஆலை வந்தது. இத்தனை வளர்ந்த நம் வடபகுதி, தன் பிள்ளைப் பருவத்தைப் பெட்டியிலிருந்து பாகங்களை எடுத்துப் பூட்டுவதில் கழித்தது என்றால் மிகையாகாது.

அதே வேலையை மிகச் சிறிய உருவில், கூலியின்றி, யாரும் ஏவாமல், விருப்பத்தின் பேரில் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, இரவு உணவுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து, ஒரு சாண் நீளக் காரின் கதவுக் கைப்பிடியை இடுக்கியால் பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தகைய பெட்டிகளை விலை கொடுத்து வாங்க வசதியில்லாத நம் இளைஞர்கள், அட்டையிலும் நுரைப்பலகையிலும் அரசுப் பேருந்துகளைச் செய்து மகிழ்கிறார்கள். இதில் என்ன இன்பம்?

இந்தக் கேள்வியை நானாக எழுப்பவில்லை. மீஞ்சூரிலிருந்து ஒரு சகோதரி மடல் எழுதியிருக்கிறார். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. வாரந்தோறும் மாறும் ஷிப்டு. மகன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் கட்டரும் அளவுகோலுமாக உட்கார்ந்துவிடுகிறானாம். இருக்கைகள், படிக்கட்டு, பின்புற ஏணி வரை வைத்து, மூன்று மாதமாய் உழைத்து ஒரு பேருந்தை முடித்திருக்கிறான். இரவு ஷிப்டு முடிந்து கண்ணெரிச்சலோடு வீட்டுக்கு வந்த கணவர், காலாண்டுத் தேர்வின் மதிப்பெண்களைப் பார்த்த கோபத்தில் அதைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டார். “அன்றிலிருந்து அத்தாவுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. இருவருக்கும் தனித்தனியாகச் சோறு வைக்கிறேன். அப்படி என்னதான் இருக்கிறது அந்த அட்டைப் பேருந்தில்? எனக்குப் புரியும்படி எழுதினால் அவரிடமும் படித்துக் காட்டுவேன்” என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் இருத்தி, அவர் கணவரும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவே எண்ணி எழுதுகிறேன்.

மார்க்க அடிப்படையில் சிலருக்குத் தயக்கம் எழக்கூடும். அதை முதலில் நீக்கிவிடலாம். உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் தம்மிடம் வந்து கேட்டபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரில்லாப் பொருள்களையும் செய்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. பேருந்துக்கும் லாரிக்கும் உயிரில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு நடுவே இருந்த குதிரையைப் பற்றிய செய்தியும் சுனன் அபூதாவூதில் காணப்படுகிறது. துணித்துண்டுகளால் ஆன இரு சிறகுகள் அதற்கு இருந்தன. குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்ட நாயகம் (ஸல்) அவர்களிடம், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையளிக்க, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். போர்ப் பயணம் முடிந்து வீடு திரும்பிய வேளை அது. பயணக் களைப்போடு வந்தவர்கள் அந்தச் சிறு பொருளின் அருகே நின்று, இது என்ன, இதன் மேலிருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இனி வாகனத்துக்கு வருவோம். கடையில் தொங்கும் பொம்மைக் காருக்கும் மாதிரிக் காருக்கும் உள்ள வேறுபாடு ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. நம் அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்ய விரும்பினால் 18 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் வரும். நீளத்தை வகுத்த அதே 24ஆல் அகலத்தையும் உயரத்தையும் சக்கரத்தையும் முன்விளக்கின் வட்டத்தையும் வகுத்தாக வேண்டும். ஒன்றை வகுக்க மறந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும். எது தவறு என்று அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். இரும்புக் கண்ணிகளால் கவசம் செய்யும் கலையை தாவூத் (அலை) அவர்களுக்கு அருளிய இறைவன், கண்ணிகளை அளவோடு பிணைக்குமாறு பணித்ததைத் திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கைத்தொழிலைப் பற்றிய அந்த இடத்தில் அளவு என்பது தனியே சொல்லப்படுவது நம் தொழிலாளிச் சகோதரர்கள் கருதத்தக்கது.

வகுத்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அங்கேதான் சுவை தொடங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபத்து நான்கில் ஒரு பங்காகும்போது கனஅளவு 13,824இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள காரை அதே உலோகங்களால் அப்படிச் சுருக்கினால் எண்பது கிராம்தான் நிற்கும். ஒன்றரைக் கோழிமுட்டையின் எடை! காரின் மேற்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 0.04 மில்லிமீட்டராக வேண்டும். நாம் எழுதும் தாளே அதைவிடக் கனமானது. வண்ணப்பூச்சின் கனத்தையோ வகுத்துப் பார்க்கவே வேண்டாம். ஆகவே எந்த அளவை அப்படியே பின்பற்றுவது, எதைச் சற்றுக் கூட்டுவது, எதை அடியோடு விட்டுவிடுவது என்று செய்பவன் ஒவ்வோர் இடத்திலும் தானே தீர்ப்பு வழங்க வேண்டியிருக்கிறது. கணக்கை மீறுவதற்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சிறுவன் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு நீளமானது. இரண்டு மூன்று செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். உலகெங்கும் சேகரிப்போர் மிகவும் விரும்பும் அளவு நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. ஏன் இந்த விந்தையான எண் என்றால், டிங்கி என்ற ஆங்கிலேயச் சிறு கார்கள் 1930களில் பொம்மை ரயிலுக்குத் துணைப் பொருள்களாகப் பிறந்தன. அந்த ரயில்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். வகுத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்றரை வருகிறது. அந்த டிங்கி கார்களின் அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, நிக்கி என்ற புதுப்பெயரோடு நம் நாட்டுக் குழந்தைகளின் கைகளிலும் உருண்டன. தீப்பெட்டிக் கார் என்று நாம் அறிந்த மேட்ச்பாக்ஸ் கார்களுக்கு வித்திட்டவர் ஜாக் ஓடெல் என்ற லண்டன் வார்ப்பாளர். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளைத்தான் கொண்டுவரலாம் என்பது அவர் மகள் படித்த பள்ளியின் விதி. அவளுக்காகப் பித்தளையில் ஒரு சாலை உருளை இயந்திரத்தை அந்த அளவுக்குச் செய்து கொடுத்தார் தந்தை. பின்னர் அதிலிருந்து ஒரு பெருந்தொழிலே கிளைத்தது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946ஆம் ஆண்டு மர வியாபாரமாகத் தொடங்கிய தாமியா குடும்ப நிறுவனம் இன்று மாதிரி வாகனப் பெட்டிகளுக்குப் புகழ்பெற்றது. 1970களில் போர்ஷே பந்தயக் காரின் மாதிரியைத் தயாரிக்கும் பொருட்டு ஷுன்சாகு தாமியா என்ன செய்தார் தெரியுமா? ஓர் உண்மையான போர்ஷே காரையே விலைக்கு வாங்கி, அதைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்தார். சிறியதைச் செய்யப் பெரியதைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு நமக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஆனால் ஏன் கழற்றினார் என்பதில் நம் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது.

மற்றப் பாதியைக் கவரைப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கண்டேன். வார்ப்படச் சாலை ஒன்றில் மரமாதிரி செய்பவராக 27 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவர். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு மணலில் பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க, செய்யவேண்டிய பாகத்தின் வடிவத்தை முதலில் மரத்தில் இழைக்க வேண்டும். தொழிற்சாலையில் பேட்டர்ன் என்பார்கள். அவர்கள் கையிலிருக்கும் அளவுகோல் நம்முடையது போன்றதன்று. உலோகம் குளிரும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒன்றும், உருக்கு நூற்றுக்கு இரண்டுமாகச் சுருங்கும். ஆதலால் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்து, வேண்டுமென்றே நீட்டி வரைந்த அளவுகோலைக் கொண்டு மரத்தை இழைப்பார்கள். வார்ப்பிரும்புக்கான கோலில் ஒரு மீட்டர் என்றிருப்பது உண்மையில் ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும்! இப்படிப்பட்ட நுட்பத்தில் கை தேர்ந்தவர் அவர்.

ஓய்வுக்குப் பின் அவர் தேக்குத் துண்டுகளைக் கொண்டு பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு லாரி செய்யத் தொடங்கினார். அடிச்சட்டம் முடிந்தது, அச்சுகள் முடிந்தன. கியர்பெட்டியின் உறையை வைக்கும் கட்டம் வந்தது. அதன் மரமாதிரியைத்தான் அவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் இழைத்தும் பழுது பார்த்தும் வந்திருக்கிறார். ஒவ்வொரு வளைவும் விரல்நுனியில் இருக்கிறது. ஆனால் அது லாரியில் எங்கே அமர்கிறது, எதனோடு பிணைகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றுக்குப் போய், இசைவு கேட்டு, நின்றுகொண்டிருந்த லாரிக்கு அடியில் அறுபது வயதில் ஊர்ந்து சென்று பார்த்துவிட்டு வந்தார். வேட்டியெல்லாம் கிரீஸ் என்று அவர் துணைவியார் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். பெரியவரோ அந்த நாளைச் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறார். 27 ஆண்டுகள் செய்த பொருள் இருக்கும் இடத்தை அன்றுதான் கண்டாராம்.

சிப்காட் வாயிலில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான கைகள் வெளியே வருகின்றன. ஒரு கை கம்பியை நீட்டியது. ஒரு கை வார்ப்பின் பிசிறைத் தேய்த்தது. ஒரு கை துளையிட்டது. துளையிட்டவருக்கு அந்தத் துளையில் எந்தத் திருகாணி ஏறும் என்று தெரியாது. இதில் யாரையும் குறைகூற இடமில்லை. வேலையைப் பங்கிட்டால்தான் வாகனம் மலிவாகும், பலருக்கும் கிட்டும். ஆயினும் மனிதனுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றைத் தானே செய்து பார்க்கும் ஆசை பங்கிடப்படாமல் உள்ளே கிடக்கிறது. முழு அளவுக் காரைத் தனியொருவன் செய்ய இயலாது. ஒரு சாண் காரைச் செய்யலாம். அதில் அவனே வரைபவன், வார்ப்பவன், பூட்டுபவன், பூசுபவன், இறுதியில் சரிபார்த்து முத்திரையிடுபவனும் அவனே. வாகனத்தின் மீது கொண்ட மோகத்தைவிட இந்த முழுமையின் மீது கொண்ட தாகமே பலரை அந்த மேசையில் உட்கார வைக்கிறது என்பது என் கருத்து.

நம் முன்னோர்களுக்கு இது புதிதன்று. தியார்பக்கிர் அரசவையில் பொறியியல் அறிஞராக விளங்கிய அல்ஜஸரீ, 1206ஆம் ஆண்டு நிறைவு செய்த தம் நூலில் நீர்க்கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலிய ஐம்பது இயந்திரங்களை விவரிக்கிறார். மூடிய பெட்டிகளில் ஈரமணலை நிரப்பி உலோகம் வார்க்கும் முறையை அவர் அதில் எழுதி வைத்திருக்கிறார். கவரைப்பேட்டைப் பெரியவர் செய்த வேலையின் மூதாதை முறை அது. பொறியைச் செய்யப் புகுமுன் தாளில் அதன் மாதிரியைச் செய்து வடிவத்தை உறுதிப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் பேரறிஞர் காகிதத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டாரும் எரிச்சலடைந்திருப்பார்களோ என்னவோ! நம் காலத்தில் ஃபுவாத் செஸ்கின் என்ற துருக்கிய அறிஞர், 1982ஆம் ஆண்டு ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவி, அல்ஜஸரீ உள்ளிட்ட முஸ்லிம் விஞ்ஞானிகள் நூல்களில் எழுதிவைத்த கருவிகளை நூற்றுக்கணக்கில் மாதிரிகளாகச் செய்வித்தார். 2008ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஏட்டில் படித்தபோது விளங்காத பல இடங்கள் செய்து பார்க்கும்போது விளங்கிவிடுகின்றன. ஷுன்சாகு தாமியா காரைக் கழற்றியதும் இதற்காகத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, தொழிற்சாலையில் வேலை செய்யும் தந்தையர் இதை எளிதில் உணர்வார்கள். அங்கே ஒரு பாகம் அளவு தவறினால் அது ரிஜெக்ட்; அதற்கு விளக்கம் எழுத வேண்டும்; சில இடங்களில் கூலியும் குறையும். பள்ளியிலோ தவறு சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு வீட்டுக்கு வருகிறது. அட்டையில் சன்னலைத் தவறாக வெட்டிவிட்டால் என்ன நேரும்? இன்னோர் அட்டை, பழைய காலண்டர் அட்டையாயினும் போதும். மறுபடியும் வெட்டலாம், பத்தாம் முறையும் வெட்டலாம். யாரும் கேட்பதில்லை. தவறு செய்து, தானே கண்டுபிடித்து, தானே திருத்திக்கொள்ளும் உரிமை இன்றைய பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? பதினோராம் வகுப்புப் பாடத்துக்கு முடிவே இல்லை. ஒரு தேர்வு முடிந்தால் அடுத்தது. பேருந்துக்கு முடிவுண்டு. முன்கண்ணாடியை ஒட்டிவிட்டால் முடிந்தது. அந்த மகன் முடித்து வைத்திருந்த ஒரே பொருள் அதுவாகக்கூட இருக்கலாம்.

பேருந்துப் பித்துக்கொண்ட இப்பிள்ளைகளின் வேலைமுறை வியப்புக்குரியது. முதலில் அடிச்சட்டம், பிறகு தளம், பிறகு தூண்கள், அதன்பின் கூரை என்று வரிசையாகப் போகிறார்கள். கரூரில் பேருந்துக்கு உடல் கட்டும் பட்டறைகளிலும் இதுதான் வரிசை. அடிச்சட்டம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர, மேலுள்ள அனைத்தையும் அங்கே கட்டுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே இவர்கள் அந்த வரிசைக்கு வந்துவிடுகிறார்கள், ஏனெனில் வேறு வரிசையில் கட்டினால் நிற்காது.

இதனால் பயனுண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1930 முதல் 1968 வரை, ஃபிஷர் பாடி கைவினைஞர் கழகம் என்ற பெயரில் சிறுவர்களுக்கு மாதிரி வண்டி செய்யும் போட்டி நடத்திக் கல்வி உதவித்தொகை வழங்கி வந்தது. 1947இல் அதில் முதற்பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டன் என்ற இளைஞர், 1949இல் அதே நிறுவனத்தில் சேர்ந்து, 1986இல் அதன் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். இதைக் காட்டி, மாதிரி செய்தால் வேலை கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் ஆசை மூட்ட நான் விரும்பவில்லை. போட்டியில் கலந்துகொண்டோர் அனைவரும் தலைவர்களாகிவிடவில்லை. பயன் கருதிச் செய்யத் தொடங்கினால் அதுவும் இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

தந்தையின் கோபம் முற்றிலும் நியாயமற்றது என்றும் நான் சொல்ல மாட்டேன். இரவு முழுதும் உலையின் வெப்பத்தில் நிற்பவர், மகனாவது நிழலில் அமர்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. மதிப்பெண் குறைந்தால் நேரத்துக்கு வரம்பு கட்டத்தான் வேண்டும். அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது போதும் என்பது என் எண்ணம். பாங்கொலி கேட்டதும் கட்டரைக் கீழே வைக்கப் பழகினால் இரண்டுக்கும் நல்லது. விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளை வாங்கி அலமாரியில் அடுக்கும் மோகம் வேறு. அது வீண்விரயத்தின் எல்லைக்குள் போய்விடக்கூடியது. செய்கிறவனுக்கு அது தேவையுமில்லை. தின்னரும் தெளிப்பான் வண்ணமும் பயன்படுத்தும்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும். அடுப்பெரியும் அறையில் அவை கூடவே கூடா. பிள்ளைகள் எட்டும் இடத்தில் பசைக்குழாயை வைக்க வேண்டாம்; உடனே ஒட்டும் பசை விரலையும் இமையையும் விட்டுவைக்காது. ஆனால் முடித்து வைத்த பொருளை எறிவது வேறு. பட்டறையில் ஒருவர் இழைத்து முடித்த மரமாதிரியை மேற்பார்வையாளர் மாதக் கணக்கு சரியில்லை என்று வாசலில் எறிந்தால், அந்தத் தொழிலாளி மறுநாள் எந்த மனத்தோடு உளியைத் தொடுவார் என்பதை அந்தச் சகோதரர் நம் அனைவரையும்விட நன்கு அறிவார்.

சகோதரி இவ்வளவையும் படித்துக் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓய்வு நாளில் மகனை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பேருந்து நிலையம் வரை செல்லுங்கள். அளவு நாடா ஒன்று கையிலிருக்கட்டும். நடத்துநரிடம் சொல்லிவிட்டு, நிற்கும் பேருந்தின் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தனியாளாக அளக்க முடியாது. டயரின் பக்கத்தில் 10.00-20 என்று பொறித்திருக்கக் காண்பீர்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது ஏறும் இரும்பு வளையத்தின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. அந்த டயரின் முழு விட்டம் ஒரு மீட்டரும் ஐந்து சென்டிமீட்டரும் வரும். 24ஆல் வகுத்தால் 44 மில்லிமீட்டர். கனம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகம் சரியாக அந்தக் கனத்தில் இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டைச் சக்கரமாக நான்கு, ஆக ஆறு. ஒரு ஜோடிச் செருப்பில் ஆறும் தேறும். வெளிவட்டத்தைக் கட்டரால் வெட்டி உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். நடுவில் வரும் 21 மில்லிமீட்டர் துளைதான் கட்டருக்கு அடங்காது, பிய்ந்துவிடும். அதற்குக் கேஸ்கெட் வெட்டும் பஞ்ச் வேண்டும். அத்தா வேலை செய்யும் இடத்தில் இருக்கும். மேற்பார்வையாளரிடம் கேட்டு, ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வரலாம்.